பாத்ரி வரும்வரை

கினாங்கா ஊரில் அனக்லெட்டிப் பெரியவர் ஒரு செவ்வாய்க்கிழமை நடுப்பகலில் செத்துப்போனார். வியாழக்கிழமை காலையில் பாத்ரி போய்ச் சேர்ந்தபோது, அவர் வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து மக்காச்சோளம் உதிர்த்துக்கொண்டிருந்தார்.

பாத்ரி என்பது தான்சானியாவின் அந்த வறண்ட நடுப்பகுதியில் பங்குச்சாமியாருக்குப் பெயர். இந்த பாத்ரிக்கு அப்பா அம்மா வைத்த பெயர் சூசைமாணிக்கம். ராமநாதபுரம் பக்கம் கருவேலங்காட்டுக்குள் ஒளிந்திருந்த ஓர் ஊரில் பிறந்து, முப்பத்துமூன்று வயதில் ஒரே ஒரு பெட்டியோடு இட்டுண்டு மிஷனில் வந்து இறங்கி, இருபத்துநாலு வருடத்தில் மூன்று மோட்டார் பைக்குகளையும் ஒரு முதுகெலும்பையும் அந்த மண்ணில் தேய்த்து முடித்திருந்தார். மிஷனைச் சுற்றிப் பதினேழு கிளை ஊர்கள், சாமியார் ஒருவர், ஆகவே எந்த ஊருக்கும் ஏழு வாரத்துக்கு ஒருமுறைதான் பூசை, அதுவும் மணலாறு வழிவிட்டு, உடைமுள் டயரை விட்டுவைத்து, மலேரியா அவரை விட்டுவைத்தால். அதனால் அவர் எல்லாவற்றுக்கும் தாமதமாகவே வந்தார். கல்யாணம் மந்திரிக்கப் போனால் மாப்பிள்ளையின் மடியில் குழந்தை இருக்கும், ஞானஸ்நானம் கொடுக்கப் போனால் குழந்தை தானே நடந்துவந்து தண்ணீருக்குத் தலையைக் குனியும், கல்லறை மந்திரிக்கப் போனால் மேட்டில் புல் முளைத்து ஆடு மேய்ந்துகொண்டிருக்கும். அந்த ஊர் மொழியில் அவர் பிழையில்லாமல் பேசப் பழகிய முதல் வாக்கியம், 'மன்னிக்கணும், வழியில வண்டி நின்னுபோச்சு' என்பதுதான்.

அன்றைக்கும் அதைச் சொல்லிக்கொண்டேதான் வண்டியைவிட்டு இறங்கினார். உபதேசியார் பாஸ்கலி தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு எதிரே ஓடிவந்தார். பூசை இல்லாத வாரங்களிலெல்லாம் செபம் சொல்லி, பிள்ளைகளுக்கு மந்திரம் படிப்பித்து, செத்தவர்களைப் புதைத்து, சாமியார் இல்லாமலே அந்த ஊரைக் கிறிஸ்தவ ஊராக வைத்திருந்தவர் அவர்தான்.

"பாத்ரி, பெரியவர் செத்துட்டார்."

"யாரு, அனக்லெட்டியா? அவர் அந்தா உட்கார்ந்திருக்காரே."

"ஆமா. செத்துட்டுத்தான் உட்கார்ந்திருக்கார்."

நடந்தது இவ்வளவுதான். செத்தவரின் கண்ணை மூடிவிட்டதும் பாஸ்கலிதான், குளிப்பாட்டித் துணி சுற்றியதும் அவர்தான், குழியும் வெட்டியாகிவிட்டது, நாலு பேர் தூக்கப் போனபோது பெரியவர் துணியை விலக்கிக்கொண்டு எழுந்து உட்கார்ந்து, 'பாத்ரி வந்துக்கிட்டிருக்கார்னு சொன்னியே, வர்ற விருந்தாளியை விட்டுட்டு நான் எப்படிப் போறது' என்று கேட்டிருக்கிறார். கினாங்காவில் அது ஒரு வழக்கம். விருந்தாளி கிளம்பிவிட்டார் என்ற சேதி வந்துவிட்டால், வீட்டுக்காரர் வீட்டைவிட்டு நகரக்கூடாது, மாடு காணாமல் போனாலும் சரி, பக்கத்து வீடு பற்றி எரிந்தாலும் சரி. நகர்ந்தால் அந்தக் குடும்பத்தைப் பேரன் காலம்வரை பேசுவார்கள். பாஸ்கலி குரலைத் தாழ்த்தி, தான் சொன்னது பொய்தான் என்றும், அப்போதுதான் மிஷனுக்கு ஆளே அனுப்பியிருந்தது என்றும், சாகிற மனிதருக்கு ஆறுதலாக இருக்கட்டுமே என்று சொல்லிவிட்டதாகவும் ஒப்புக்கொண்டார்.

பாத்ரி பெரியவரின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். நல்ல வெயிலில் அது தண்ணீர்ப் பானைபோல் குளிர்ந்திருந்தது, உள்ளே எதுவும் ஓடவில்லை. அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து யோசித்தார், யோசிக்கிற சாக்கில் கொஞ்சம் முதுகைச் சாய்த்துக்கொண்டார். அவஸ்தை பூசுவது, அதாவது சாகப்போகிறவருக்குக் கடைசியாக மந்திரித்த எண்ணெய் பூசுவது, உயிரோடு இருக்கிறவர்களுக்குத்தான், செத்தவருக்குப் பூசக்கூடாது, ஆனால் செத்தாரா இல்லையா என்று சந்தேகம் இருந்தால் பூசலாம் என்று சட்டத்தில் ஒரு சின்ன இடம் இருக்கிறது. பாத்ரி அந்தச் சின்ன இடத்துக்குள் அனக்லெட்டிப் பெரியவரை உட்காரவைத்து, நெற்றியிலும் இரண்டு கைகளிலும் எண்ணெய் பூசி, செபத்தை ஒரு வார்த்தை விடாமல் சொன்னார்.

"ரொம்ப நேரமாக்கிட்டீங்க," என்றார் பெரியவர், கோபமில்லாமல்.

"மன்னிக்கணும் பெரியவரே, வழியில வண்டி நின்னுபோச்சு."

"வண்டின்னா நிக்கத்தான் செய்யும்."

கையில் ஒட்டிய சோள உமியைத் தட்டிவிட்டு, உள்ளே போய்ப் பாயில் படுத்தார். நாலு மணிக்குள் அடக்கம் முடிந்தது. அவர் உதிர்த்துவைத்த சோளத்தை இடித்துத்தான் வந்தவர்களுக்குக் களி கிண்டினார்கள்.

அந்தச் சேதி பாத்ரியின் பைக்கைவிட வேகமாகப் போனது. ஒரு மழைக்காலம் முடிவதற்குள் பதினேழு ஊர்களிலும் சாகக் கிடக்கிறவர்களின் காதில் 'பாத்ரி வந்துக்கிட்டிருக்கார்' என்று சொல்லும் பழக்கம் வந்துவிட்டது, சொல்லப்பட்டவர்களும் மரியாதை தெரிந்தவர்களாதலால் செத்த பிறகு எழுந்து உட்கார்ந்து காத்திருந்தார்கள். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு பெரிய சௌகரியமாகத்தான் எடுத்துக்கொண்டார்கள். தூரத்துச் சுரங்கங்களில் வேலைபார்த்த மகன்கள் அவசரமில்லாமல் பஸ் பிடித்து வந்தார்கள். ஒருவர் பாதியில் விட்ட கூரையை வேய்ந்து முடித்தார். ஒரு கிழவி கிடைத்த நாலு வாரத்தில் தன் ஐந்து மருமகள்களையும் ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டு உட்காரவைத்து அவர்களைப் பற்றித் தான் நினைத்ததையெல்லாம் சொன்னாள், செத்தவளை எதிர்த்துப் பேச முடியாமல் அவர்களும் கேட்டுக்கொண்டார்கள். மலையடிவாரத்து ஊர் ஒன்றில் கணக்கு வாத்தியார் பரீட்சைவரை பாடம் எடுத்தார், உயிரோடு இருந்தபோதுகூட அவர் அத்தனை ஒழுங்காகப் பள்ளிக்கூடம் வந்ததில்லை என்றார்கள். காத்திருப்பவர்கள் சாப்பிடவில்லை, நாறவில்லை, கொடுத்த வேலையைக் கொஞ்சம் மெதுவாகச் செய்தார்கள். நாய்கள் மட்டும் அவர்கள் உட்கார்ந்திருந்த பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு போயின. மருந்தகத்து நர்ஸ் தன் நோட்டில் உயிருள்ளவர், இறந்தவர் என்ற இரண்டு பத்திகளுக்கும் நடுவில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு 'காத்திருப்பவர்' என்று மூன்றாவதாக ஒரு பத்தி வைத்துக்கொண்டாள்.

பாத்ரி ஆயரிடம் போய்ச் சொன்னபோது, ஆயர் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். அவரும் வயதானவர், அவருக்கும் முதுகுவலி உண்டு.

"இதை மேலிடத்துக்கு எழுதினா கமிஷன் போடுவாங்க. நீயும் நானும் ஏழு வருஷம் உட்கார்ந்து பதில் எழுதணும். பேசாம போய் எண்ணெயைப் பூசுப்பா," என்றார்.

பாத்ரி போய்ப் பூசினார். ஆனால் முன்பெல்லாம் தாமதத்தைச் செத்தவர்கள் மன்னித்து மண்ணுக்குள் போயிருந்தார்கள், இப்போது ஒவ்வோர் ஊரிலும் இரண்டு பேரோ மூன்று பேரோ ரோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர் ஓர் ஊரில் சாப்பிட உட்கார்ந்தால் பதினாறு ஊர்களில் யாரோ கழுத்தை நீட்டிப் பார்ப்பது அவருக்குத் தெரிந்தது, அந்த நினைப்போடு விழுங்கிய களி நெஞ்சில் நின்றது. ஞாயிறு, திங்கள் பார்க்காமல் ஓடினார். செயின் அறுந்தது, மாட்டினார். காய்ச்சல் வந்தது, மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஓடினார். அவருக்கு ஐம்பத்தேழு வயது, ஆனால் உடம்பு எண்பதைத் தொட்டுவிட்டு வந்ததுபோல் இருந்தது.

பாத்ரி தாமதமாக வந்தால் செத்தவர் அதுவரை தங்கலாம் என்பதை முதலில் யார் கண்டுபிடித்தார்கள் என்று தெரியவில்லை. ஓர் ஊரில் ஒரு பெண் தன் புருஷனுக்கு எண்ணெய் பூச வந்தவரிடம், 'இன்னும் ஒரு சுத்து போயிட்டு வாங்களேன் பாத்ரி, அவர் எங்கே போயிடப் போறார்' என்று கேட்டாள். அடுத்த ஊரில் கோழியடித்து விருந்து வைத்தார்கள், மறுநாள் இன்னொரு கோழி, அதற்கடுத்த நாள் இருபது வருடத்து எல்லைத் தகராறு ஒன்றைத் தோண்டியெடுத்துத் தீர்த்துவைக்கச் சொன்னார்கள். ஆறு வற்றிக் கிடந்தபோது வெள்ளம் வந்துவிட்டது என்று ஆள் அனுப்பினார்கள். ஒற்றையடிப் பாதைகளில் யாரோ உடைமுள்ளை வரிசையாக, தலை மேலே பார்க்கிற மாதிரி, அக்கறையாக நட்டுவைத்தார்கள். பிற்பாடு, சாகிறவர்களிடம் 'பாத்ரி வருவார், ஆனா நீங்க காத்திருக்க வேண்டாம்' என்று சொல்ல எல்லா ஊரும் கற்றுக்கொண்டது, ஆனால் அது அடெலா என்றொரு பெண்ணின் விஷயத்துக்குப் பிறகு.

அதற்கு முன்னால் நடந்ததுதான் அவரை உண்மையிலேயே வலிக்கச் செய்தது. இருபத்துநாலு வருடமாக அவர் பைக் சத்தம் கேட்டால் பிள்ளைகள் ஊர் எல்லைவரை ஓடிவந்து, புழுதிக்குள் கத்திக்கொண்டே பின்னால் வருவார்கள், அந்த நாட்டில் அவர் சம்பாதித்தது என்று சொல்ல அது ஒன்றுதான் இருந்தது. இப்போது சத்தம் கேட்டதும் பிள்ளைகள் அழுதன. கதவு சாத்துகிற சத்தம் அவர் காதுபட வரிசையாகக் கேட்டது. ஒரு சின்னப் பெண் தன் தாத்தாவின் காலைக் கட்டிக்கொண்டு அவரைப் பார்த்த பார்வையைச் சுமந்துகொண்டு, அறுபது கிலோமீட்டர் அழுதபடியே வண்டி ஓட்டி வந்தார்.

கினாங்காவில் டோமித்திலா என்றொரு பெண் இருந்தாள். மாதர் சங்கத்துத் தலைவி, பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். புருஷன் என்றைக்கோ எங்கேயோ போய்விட, ஒரே மகள் அடெலாவைத் தனியாக வளர்த்துத் தையல் மிஷினும் வாங்கிக் கொடுத்திருந்தாள், சுற்றுவட்டாரத்துப் பள்ளிக்கூடச் சட்டைகளெல்லாம் அடெலா தைத்தவை. மழைக்காலத்துக் காய்ச்சலில், கண் மஞ்சளாகி, இருபத்திரண்டு வயதில் அடெலா போய்க்கொண்டிருந்தபோது, டோமித்திலா யாரையும் பக்கத்தில் விடாமல் மகளின் காதில் தானே குனிந்து அந்தச் சேதியைச் சொன்னாள். பாஸ்கலி ஆறுதலுக்குச் சொன்னதை இவள் தெரிந்தே சொன்னாள். அடெலா செத்து எழுந்து உட்கார்ந்த பிறகும் மிஷனுக்கு ஆள் அனுப்பவில்லை.

ஆனாலும் முறைப்படி கினாங்காவின் வாரம் வந்தது. மணலாற்றுத் துறையில் டோமித்திலா நின்றுகொண்டிருந்தாள்.

"திரும்பிப் போங்க பாத்ரி. இந்தத் தடவை வேண்டாம்."

ஏன் என்று கேட்காமலே அவருக்குப் புரிந்தது. ஒன்பது வருடத்துக்கு முன்னால் அவருடைய அம்மா செத்தபோது, சேதி வந்து, விமானம் பிடித்து, ஊர் போய்ச் சேர அவருக்குப் பதினோரு நாள் ஆயிற்று. 'கடைசி வரைக்கும் வாசலையே பாத்துக்கிட்டு இருந்துச்சு சாமி' என்று தம்பியைத் தம்பி என்று கூப்பிடாமல் சாமி என்று கூப்பிட்டு அக்கா சொன்னாள். அம்மாவுக்குக் கினாங்காவின் வழக்கம் தெரிந்திருந்தால் அந்தப் பதினோரு நாளும் உட்கார்ந்திருப்பாள், அவரும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார், எண்ணெய்ச் சிமிழைப் பையைவிட்டு வெளியே எடுத்திருக்கவே மாட்டார். அதை நினைத்துக்கொண்டு வண்டியைத் திருப்பினார். இரக்கத்தால் திருப்பினோம் என்று நம்பினார். மிஷனுக்கு வந்து பட்டப்பகலில் படுத்து ஒன்பது மணி நேரம் தூங்கினார், அவ்வளவு நல்ல தூக்கம் அவருக்குப் பல வருடமாக வாய்க்கவில்லை.

ஏழு வாரம் கழித்து அவள் பாதி வழிக்கே வந்து, ஃபிளாஸ்கில் தேநீரும் அவித்த நிலக்கடலையும் கொடுத்துத் திருப்பி அனுப்பினாள். அதற்கடுத்த முறை அவள் வரத் தேவையில்லாமல் போயிற்று, கினாங்காவின் வாரத்தில் அவரே கிளம்பவில்லை. காலண்டரில் அந்தக் கட்டத்தில் 'ஆற்றில் வெள்ளம்' என்று எழுதினார், எழுதும்போது ஜன்னலுக்கு வெளியே புழுதி பறந்துகொண்டிருந்தது.

ஒருநாள் பிற்பகலில் பாஸ்கலி சைக்கிளில் மிஷனுக்கு வந்தார். ஒன்றரை நாள் மிதித்த களைப்பில் தண்ணீர்கூடக் கேட்காமல் படியில் உட்கார்ந்தார்.

"அடெலா தூங்கவே இல்லை பாத்ரி," என்றார்.

"யாரும் தூங்கறதில்லையே. காத்திருக்கிறவங்களுக்குத் தூக்கம் வராதுன்னு தெரியுமே."

"மத்தவங்க நாலு வாரம், அஞ்சு வாரம். நீங்க வந்துடுவீங்க. இவளுக்கு நூத்தைம்பது நாள் தாண்டிப்போச்சு. ராத்திரி கண்ணை மூடிப் படுத்துப் பாக்குறா. பக்கத்துல அம்மா குறட்டை விடுறா, இவ கூரையைப் பாத்துக்கிட்டுக் கிடக்கா. இப்ப ஊசியில நூல் கோக்க முடியலை. தச்ச சட்டையில ஒரு கை நீளமா வருது, ஒரு கை குட்டையா வருது. என்கிட்ட வந்து, 'உபதேசியாரே, இந்த வழக்கத்தை ஆரம்பிச்சு வச்சது நீங்கதானே, நீங்களே என்னை அனுப்பி வையுங்க'ன்னு கேட்டா. எனக்குத் தெரிஞ்ச செபம் எல்லாம் சொன்னேன். அவ கேட்டுக்கிட்டு உட்கார்ந்திருந்தா. ஒண்ணும் ஆகலை."

"அவ அம்மாகிட்ட சொன்னாளா?"

"எப்படிச் சொல்லுவா? அம்மா இத்தனை சந்தோஷமா இருந்து அவ பார்த்ததே இல்லையாம்."

பாத்ரிக்குச் சாவைப் பற்றி அதிகம் தெரியாது, பூசைப் புத்தகத்தில் இருப்பதுதான் தெரியும். ஆனால் களைப்பைப் பற்றித் தெரியும். படுத்தும் இறங்காத களைப்பு, எலும்புக்குள் மணல் நிரம்பினாற்போல் இருக்கிற களைப்பு, அதை ஒரு சின்னப் பெண் ஐந்து மாதம் ஒரு நிமிடம்கூட இறக்கிவைக்காமல் சுமந்திருக்கிறாள் என்று கேட்டபோது, தான் மிஷனில் தூங்கிய அந்த ஒன்பது மணி நேரத்தின் மேல் அவருக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் விடிந்ததும் கிளம்பினார். உடம்பு சுட்டது. மணலாற்றில் வண்டியை இறங்கித் தள்ளிக்கொண்டிருந்தபோது டோமித்திலா வந்து சாவியை உருவிக்கொண்டாள், உருவிய சாவியை ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டு, அங்கேயிருந்து எடுக்க முடிந்தால் எடுங்கள் என்பதுபோல் நின்றாள். அவர் வண்டியை மணலிலேயே சாய்த்துவிட்டு நடந்தார். ஊருக்கு இன்னும் ஏழு கிலோமீட்டர் இருந்தது. அவளும் கூடவே நடந்தாள், அவர் போகிற வேகத்துக்கு அவள் ஓரடி வைத்து ஓரடி நிற்கவேண்டியிருந்தது.

"இருபத்துநாலு வருஷம் தாமதமாத்தான் வந்தீங்க. நாங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கோமா?"

"நிறையச் சொல்லியிருக்கீங்க."

"சோறு போட்டுட்டுத்தானே சொன்னோம்."

"அது உண்மை."

"இப்ப மட்டும் என்ன அவசரம்? பாஸ்கலி வந்து ஓதினானா?"

அவர் நடந்துகொண்டே இருந்தார். கொஞ்ச தூரம் போனதும் அவள் வேறு குரலில் கேட்டாள், மாதர் சங்கத்துக் கூட்டத்தில் யாரும் கேட்டிராத குரல் அது.

"உங்க அம்மா இப்படி எழுந்து உட்கார்ந்திருந்தா, எண்ணெயைத் தூக்கிட்டு நீங்க போயிருப்பீங்களா பாத்ரி?"

அவர் நின்றார்.

"போயிருக்க மாட்டேன்."

"அப்புறம்?"

"அதனாலதான் இத்தனை நாள் வரலைன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். உன் மேல இரக்கம்னு. அது பொய் டோமித்திலா. களைப்பு. நீ திரும்பிப் போகச் சொன்னப்ப எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு. வந்திருக்கணும், வரலை. நான் போய்த் தூங்கிட்டேன். உன் பொண்ணு அஞ்சு மாசமா தூங்கலை."

"அவ தூங்குறா. என் பக்கத்துலதான் படுக்குறா."

"பக்கத்துல படுக்குறா. தூங்குறது நீ."

வழியில் ஒரு பெரிய பாவோபாப் மரம் வந்தது. பாத்ரிக்குக் காய்ச்சல் கண்ணுக்கு ஏறியிருந்தது. ஒரே ஒரு நிமிடம் என்று சொல்லிக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்தார், 'நான் என்ன சொல்ல வர்றேன்னா' என்று ஆரம்பித்தார், அந்த வாக்கியத்தின் நடுவிலேயே தூங்கிப்போனார்.

அதற்குப் பிறகான ஒரு மணி நேரத்தை அவர் தூங்கியே கழித்ததால், அதில் நடந்தது வெகு காலம் கழித்து டோமித்திலா சொல்லித்தான் அவருக்குத் தெரியும். சட்டைப் பையிலிருந்து எண்ணெய்ச் சிமிழ் நழுவி மணலில் விழுந்ததாம். அவள் எடுத்தாள். மூடியைத் திருகித் திறந்தாள். கவிழ்த்திருந்தால் மணல் ஒரே நொடியில் குடித்திருக்கும், ஆயரிடமிருந்து அடுத்த எண்ணெய் வர மாதக்கணக்காகும், அதைத்தான் செய்ய நினைத்தாளாம். கவிழ்ப்பதற்கு முன்னால் அவர் விழிக்கிறாரா என்று ஒரு தடவை முகத்தைப் பார்த்திருக்கிறாள். அப்படிப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டாள். வாய் பிளந்திருந்தது, குறட்டை வந்தது, உதட்டில் ஈ ஒன்று நடந்தது, அது நடப்பது அவருக்குத் தெரியவில்லை. இருபத்துநாலு வருடமாகச் சுருங்கியே இருந்த நெற்றி சுருக்கம் விட்டு, யார் வீட்டுப் பிள்ளையோ என்று நினைக்கும்படி இருந்ததாம். அப்போது அவளுக்குத் தன் வீட்டுப் பாய் ஞாபகம் வந்தது. ஐந்து மாதமாக ஒவ்வொரு நாளும் படுத்தவுடன் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, தன் வாழ்க்கையிலேயே நிம்மதியான தூக்கத்தைத் தூங்கியிருந்தாள். காலையில் கண் விழிக்கும்போதெல்லாம் அடெலா விழித்திருந்தாள். சீக்கிரம் எழுந்துகொள்கிற நல்ல பெண் என்று நினைத்திருந்தாள்.

சிமிழை மூடினாள். தன் மேல் போர்த்தியிருந்த, அந்த ஊரில் கங்கா என்று சொல்கிற துணியை அவிழ்த்து, வெயில் அவர் முகத்தில் விழாதபடி இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு, மரத்தின் நிழல் நகர்ந்து அவர் மேல் விழும்வரை, கை கடுக்கக் கடுக்க நின்றாள். பிறகு தோளைத் தொட்டு எழுப்பினாள்.

"நீங்க தூங்கியாச்சு பாத்ரி. வாங்க, அவ தூங்கட்டும்."

மிச்ச தூரத்துக்கு அவள்தான் அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனாள். வீட்டில் அடெலா மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். பாத்ரியைப் பார்த்ததும், அந்தப் பக்கத்துப் பெண்கள் பெரியவர்களுக்குச் செய்வதுபோல், எழுந்து ஒரு முழங்காலை லேசாக மடக்கி வணக்கம் சொன்னாள். கண் இரண்டும் திறந்து திறந்து ஓய்ந்து, மூடவே மறந்தவைபோல் இருந்தன.

"நான் எப்பவோ வந்திருக்கணும்மா. வராம இருந்துட்டேன்," என்றார் பாத்ரி.

"பரவாயில்லை பாத்ரி. இந்தக் காலரை மட்டும் முடிச்சிடவா? பிள்ளைங்க திங்கட்கிழமை கேட்டிருக்காங்க."

"வை. நான் முடிச்சுக்கறேன்," என்றாள் டோமித்திலா. அவளுக்குப் பட்டன் தைக்கக்கூடத் தெரியாது. அடெலா அது தெரிந்தும் துணியை மடித்துவைத்தாள்.

டோமித்திலா பாயில் காலை நீட்டி உட்கார்ந்து மடியைத் தட்டினாள். மகள் அதில் தலைவைத்துப் படுத்தாள். பாத்ரி நெற்றியில் பூசினார், பிறகு கைகளில், விரல் நுனியெல்லாம் ஊசி குத்திய தடம் இருந்தது, அவற்றின் மேலும் எண்ணெய் படும்படி ஒவ்வொரு விரலாகப் பூசினார். காய்ச்சலில் அவர் குரல் நடுங்கியது, ஆனால் எந்த வார்த்தையையும் விடவில்லை.

"எழுப்பிடாதம்மா," என்றாள் அடெலா. கண் தானாக மூடிக்கொண்டது.

பாத்ரி வந்துவிட்டார் என்றால் என்ன நடக்கும் என்று ஊருக்குத் தெரியும். டோமித்திலாவின் முள்வேலிக்கு வெளியே பெண்கள் கூடிவிட்டார்கள், முப்பது பேருக்கு மேல். அந்த ஊரில் ஒரு சாவென்றால் பெண்கள் தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, அண்ணாந்து, மூன்று மலைக்கு அப்பால் கேட்கிற மாதிரி ஒரே குரலில் ஓலமிடுவார்கள், ஓலமில்லாமல் போன சாவு ஒரு சாவே இல்லை. வீட்டுக்குள்ளிருந்து ஆள் வெளியே வருவதற்காக, மூச்சை இழுத்து நெஞ்சில் நிறுத்திக்கொண்டு நின்றார்கள்.

டோமித்திலா மகளின் தலையை மெல்லப் பாயில் இறக்கிவைத்துவிட்டு, வாசலுக்கு வந்து விரலை வாயில் வைத்தாள்.

"சத்தம் போடாதீங்க. இப்பத்தான் தூங்கினா."

பெண்கள் இழுத்த மூச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக, ஓசையில்லாமல் வெளியே விட்டார்கள். அன்றைக்குக் கினாங்காவில் எல்லாம் அப்படித்தான் நடந்தது. ஆண்கள் மண்வெட்டியைக் கல்லில் படாமல் பார்த்துப் பார்த்துப் போட்டுக் குழி வெட்டினார்கள். பாஸ்கலி மணியின் நாக்கைத் துணியால் கட்டினார். பாட்டை உதட்டை மட்டும் அசைத்துப் பாடினார்கள், பாத்ரி செபத்தைக் காதில் சொல்கிற குரலில் சொன்னார். முதல் பிடி மண்ணைப் போட அவர் கையில் எடுத்தபோது, டோமித்திலா அவர் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தி, அந்த மண்ணைத் தன் கையில் வாங்கிக்கொண்டு, விழுகிற சத்தம் கேட்கக்கூடாது என்று குழிக்குள் தானே இறங்கி, மகளின் மேல் அதை உள்ளங்கையால் மெதுவாகப் பரப்பினாள்.